பதில் சொல்லாத சுண்டெலி



சுண்டெலிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள். இருக்கிறது!

ஒரு பெட்டி. அதன் சுவரில் ஐந்து துளைகள். ஏதாவது ஒன்றில் கணநேரம் விளக்கு எரியும். பசியோடு இருக்கும் சுண்டெலி அந்தத் துளையில் மூக்கை நுழைத்தால் தீனி கிடைக்கும். வேறு துளையில் நுழைத்தால் தீனி இல்லை; பெட்டியும் சில விநாடி இருண்டுவிடும். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் டிரெவர் ராபின்ஸ் குழுவினர் பெரிய எலிகளை வைத்துச் செய்து 1983-இல் வெளியிட்ட சோதனை இது. பிறகு சுண்டெலிக்கும் வந்தது.

இதில் மார்க் போடுவது எப்படி? நூறு முறை விளக்கு எரிந்தது என்று வைத்துக்கொள்வோம். 40 சரி, 10 தப்பு, 50 முறை எலி எந்தத் துளைக்கும் போகவில்லை. நாமாக இருந்தால் நூற்றுக்கு நாற்பது என்போம். ஆய்வாளர்கள் அப்படிப் போடுவதில்லை. பதில் சொன்ன 50-இல் 40 சரி. ஆகவே துல்லியம் 80 சதவீதம். பதில் சொல்லாத 50-ஐத் தனிக் கட்டத்தில் எழுதுகிறார்கள். குருட்டாம்போக்கில் நுழைத்தாலே ஐந்துக்கு ஒன்று, அதாவது 20 சதவீதம் சரியாகும் என்பதையும் மறப்பதில்லை.

ஏன் தனிக் கட்டம்? எலிக்கு வயிறு நிறைந்திருக்கலாம். வேறு பக்கம் பார்த்திருக்கலாம். துளையில் உள்ள அகச்சிவப்பு சென்சாரில் தூசி படிந்து, எலி சரியாக நுழைத்தும் மெஷினுக்குத் தெரியாமல் போயிருக்கலாம்! நம்ம லேபில் இருக்கிற மாதிரி சென்சார்தான் அது. துடைத்துச் சோதிக்காதவன் செய்த தப்பு எலியின் தலையில் விழும்.

போன வைவாவில் நானும் ஊமையாக நின்றேன். டயோடு பற்றித் தமிழில் கேட்டிருந்தால் கடகடவென்று சொல்லியிருப்பேன். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்; இங்கிலீஷில் கேட்டதும் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. ‘தெரியாதவன்’ கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

அதற்காக நான் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. நூற்றில் ஐந்து முறை மட்டும் பதில் சொல்லி நான்கு சரியான எலிக்கும் அதே 80 சதவீதம்தானே! பேசாததும் குறைதான். ஆனால் அது வேறு குறை, அதற்கு வைத்தியமும் வேறு.

தோழர்களே! நாளை நம்மில் சிலர் சூப்பர்வைசர் ஆவோம், சிலர் வாத்தியாராகவும் ஆவோம். நம் கையிலும் ஒரு ரிஜிஸ்டர் இருக்கும். சரி, தப்பு என்ற இரண்டு கட்டத்துக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு கோடு போடுவோம். எலிக்குக் கொடுக்கிற நியாயத்தை மனுஷனுக்கும் கொடுப்போமே!