பட்டியலின் பின்பக்கம்

லண்டனோ மெல்போர்னோ டொராண்டோவோ, எந்த ஊர்த் தாய்லாந்து உணவகத்தில் உட்கார்ந்தாலும் பட்டியலைப் பிரிக்காமலேயே பாதிக்கு மேல் சொல்லிவிடலாம். பாட் தாய், பச்சைக் கறி, சிவப்புக் கறி, மசமன், தொம் யாம் சூப், வேர்க்கடலைச் சட்னியோடு சத்தே, கடைசியில் மாம்பழமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும். தாய்லாந்திலோ வடக்கே சியாங் மாய்ப் பக்கத்துச் சமையல் ஒன்று, லாவோஸ் எல்லையை ஒட்டிய ஈசான் சமையல் வேறு, பாங்காக் சமவெளியின் சமையல் வேறு, மஞ்சளும் காரமும் தூக்கலான தென்கோடிச் சமையல் முற்றிலும் வேறு. கடல் தாண்டியதும் இத்தனையும் சுருங்கி ஒரே அட்டையில் அடங்கிவிடுகின்றன. சமையற்காரர்கள் சொந்த ருசியை விற்றுவிட்டார்கள் என்று இதற்காக அவர்களைக் குறை சொல்வது வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அந்த அட்டை அப்படி அமைந்ததில் அடுப்படியில் நிற்பவரைவிட மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் பங்கு அதிகம்.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். 1965-இல் குடியேற்றச் சட்டம் மாறிய பிறகு தாய்லாந்திலிருந்து மாணவர்களும் செவிலியர்களும் லாஸ் ஏஞ்சலஸ் போன்ற நகரங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் சிலர் உணவகம் தொடங்கியபோது எலுமிச்சைப் புல், பேரரத்தை, காஃபிர் எலுமிச்சை இலை, பறவைக்கண் மிளகாய் எதுவும் அங்கே சுலபமாகக் கிடைக்கவில்லை. நாரத்தை, எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகளின் பச்சை இலையைப் பயிர்நோய் பயத்தால் அமெரிக்கா உள்ளே விடுவதே இல்லை. 1970களின் தொடக்கத்தில் கிழக்கு ஹாலிவுட்டில் பாங்காக் மார்க்கெட் என்ற மளிகைக் கடை திறந்த பிறகுதான் நிலைமை கொஞ்சம் சீரானது. அதுவரை கிடைத்ததை வைத்துச் சமாளித்தார்கள். இஞ்சி பேரரத்தையின் இடத்துக்கு வந்தது. புளியின் இடத்தில் வினிகரும், பனை வெல்லத்தின் இடத்தில் வெள்ளைச் சர்க்கரையும் வந்தன. அதற்குள் வாடிக்கையாளரின் நாக்கு அந்தத் தித்திப்புக்குப் பழகிவிட்டது. பிறகு புளியும் வெல்லமும் கப்பலில் வந்து இறங்கியபோது பழைய ருசிக்குத் திரும்ப வாடிக்கையாளர் விடவில்லை. இதன் மேல் தாய்லாந்து அரசும் ஒரு கை கொடுத்தது. 2002 வாக்கில் தொடங்கிய 'குளோபல் தாய்' திட்டத்தின்போது உலகெங்கும் சுமார் 5,500 தாய்லாந்து உணவகங்கள் இருந்தன. அதை 8,000 ஆக்குவது இலக்கு. கடன் வசதி, சமையல் பயிற்சி, உணவக வடிவமைப்புக்கு முன்மாதிரிகள், தரச் சான்றிதழ் என்று அரசே முன்னின்று செய்தது. நியூசிலாந்து தாய்லாந்துச் சமையற்காரர்களுக்கென்று தனி வேலை அனுமதியே வைத்திருக்கிறது. சுற்றுலாவையும் ஏற்றுமதியையும் வளர்க்க நினைக்கும் அரசு, அந்நியரைத் திகைக்க வைக்கும் வட்டாரப் பண்டத்தை முன்னால் நிறுத்துமா? எல்லாருக்கும் பிடித்ததையே நிறுத்தியது.

இங்கே ஒரு மறுப்பு எழும். சமையல் என்றைக்கு மாறாமல் இருந்தது? பாட் தாயே பழங்காலப் பண்டம் அல்ல. பிபூன் சொங்கிராம் பிரதமராக இருந்த காலத்தில், நாட்டின் பெயர் சயாமிலிருந்து தாய்லாந்து என்று மாறிய அதே தேசியவாத அலையில், அரசே ஊக்குவித்துப் பரப்பியது அது. நூடுல்ஸ் சீனத்திலிருந்து வந்தது. தாய்லாந்துச் சமையலின் உயிர் என்று நினைக்கும் மிளகாய் போர்ச்சுகீசியர் வழியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அப்படியிருக்க, மெல்போர்னில் தித்திப்பு கூடிய பச்சைக் கறியை மட்டும் போலி என்று ஒதுக்குவானேன்? இந்த மறுப்பை முழுமனதோடு ஏற்கிறேன். தித்திப்பான பச்சைக் கறியைக் குற்றவாளியாக்க நான் வரவில்லை. அது ஒரு புலம்பெயர்ந்த சமையல், அதற்கும் மரியாதை உண்டு. என் வருத்தம் மாற்றத்தைப் பற்றியது அல்ல. அந்த ஒரு மாற்றத்தைத் தவிர வேறு எதுவும் சமைக்க வழியில்லாமல் போவதைப் பற்றியது. மிளகாய் வந்தபோது பழைய குழம்புகள் அழிந்துவிடவில்லை, பக்கத்தில் புதியவை சேர்ந்தன. வெளிநாட்டுப் பட்டியலில் நடப்பது சேர்தல் அல்ல, கழிதல்.

கழிந்தவை காணாமல் போய்விடவும் இல்லை. அவை அடுப்படிக்குள்ளேயே இருக்கின்றன. வேலை முடிந்த பிறகு ஊழியர்கள் உட்கார்ந்து சாப்பிடுவது பெரும்பாலும் அவற்றைத்தான். லாஸ் ஏஞ்சலஸில் ஜிட்லாடா என்ற உணவகத்தை 2006-இல் தென் தாய்லாந்தைச் சேர்ந்த ஓர் அண்ணனும் தங்கையும் எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். முன்பக்கத்தில் வழக்கமான பண்டங்கள் இருந்தன. தங்கள் ஊர்ச் சமையலைப் பின்பக்கத்தில் தாய் எழுத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஆர்வலர் ஒருவர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தார். உணவு விமர்சகர் ஜோனதன் கோல்ட் அதைப் பற்றி எழுதினார். அதன் பிறகு ஊரே அந்தப் பின்பக்கத்தைத் தேடி வந்தது. வாஷிங்டனுக்கு அருகே ஃபால்ஸ் சர்ச் என்ற ஊரில் நடந்தது இன்னும் தெளிவான சாட்சி. வியன்டியானில் பிறந்து அகதியாக அமெரிக்கா வந்த செங் லுவாங்ராத், 2010-இல் பாங்காக் கோல்டன் என்ற தாய்லாந்து உணவகத்தை வாங்கினார். அவர் லாவோஸ்காரர். ஆனால் லாவோஸ் உணவகம் என்று பலகை வைத்தால் யார் வருவார்கள் என்ற கேள்வி அந்நாட்டுக்காரர் எல்லாருக்கும் இருந்தது. அதனால் பலர் தாய்லாந்துப் பெயரில்தான் கடை நடத்தினார்கள். அவர் பட்டியலில் இல்லாத லாவோஸ் பண்டங்களைக் கேட்டவருக்குச் சமைத்துக் கொடுத்தார். கேட்பவர் பெருகினார்கள். 2014-இல் வாஷிங்டன் நகரத்துக்குள்ளேயே திப் காவ் என்ற லாவோஸ் உணவகத்தைத் துணிந்து திறந்தார். பழைய கடையின் பலகையும் பிறகு மாறியது, லாவோஸ் மீன் ஊறலின் பெயரான பாடேக் அதில் ஏறியது. இரண்டு இடத்திலும் சமையற்காரரின் திறமை முன்பே இருந்ததுதான். புதிதாக வந்தது கேட்பவரின் குரல்.

கேட்பது ஒரு பாதி. கொடுப்பது மறுபாதி, கசப்பான பாதி. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் உணவியல் கற்பிக்கும் கிருஷ்ணேந்து ராய் 2016-இல் வெளியான தன் நூலில் நியூயார்க் உணவகங்களின் விலைகளை நாட்டுவாரியாக ஒப்பிட்டிருக்கிறார். பிரெஞ்சும் ஜப்பானியமும் உச்சியில், தாய்லாந்து, சீனம், இந்தியம் எல்லாம் கீழே. உழைப்பை அளந்து போட்ட வரிசை இல்லை அது. பேரரத்தை, பூண்டு, கொத்தமல்லி வேர், இறால் விழுது இத்தனையையும் உரலில் இடித்துக் கறி விழுது எடுப்பது எந்தப் பிரெஞ்சுச் சாற்றுக்கும் குறைந்த வேலை அல்ல. ஒரு நாட்டுக்காரர் குடியேறியவராக எந்த இடத்தில் நிற்கிறாரோ அந்த இடமே அவர் தட்டுக்கும் விலை வைக்கிறது. ஆஸ்திரேலியரான டேவிட் தாம்சன் 2001-இல் லண்டனில் ஒரு நட்சத்திர ஹோட்டலுக்குள் நாம் என்ற உணவகத்தைத் திறந்தார். சில மாதங்களிலேயே அதற்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது, தாய்லாந்து உணவகம் ஒன்றுக்குக் கிடைத்த முதல் நட்சத்திரம். தாம்சனின் படிப்பும் பக்தியும் உண்மையானவை. தாய்லாந்தில் ஈமச் சடங்குக்கு அச்சிடும் நினைவுப் புத்தகங்களில் குடும்பச் சமையல் குறிப்புகளும் இடம்பெறும், அவற்றைத் தேடித் திரட்டியவர் அவர். அவர் சமைக்கக் கூடாது என்பதல்ல என் வாதம். இந்தச் சமையலுக்கு உரிய விலை கொடுக்க மக்களால் முடியும் என்பதை அவருடைய மேசைகள் நிரூபித்தன என்பதுதான். தெருமுனைக் கடையில் அதே மக்கள் அதே விலையைக் கொடுக்க மறுக்கிறார்கள். 2024-இன் இறுதியில் பாங்காக்கின் சோர்ன் உணவகத்துக்கு மூன்று மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. அது சமைப்பது தென் தாய்லாந்துச் சமையல். ஜிட்லாடாவில் பின்பக்கத்தில் கிடந்ததும் அதே வட்டாரத்துச் சமையல்தான். விலை ஏறினால் எளியவர்கள் எங்கே சாப்பிடுவார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மலிவு வானத்திலிருந்து விழுவதில்லை. குடும்பத்தார் கூலி வாங்காமல் பாத்திரம் தேய்ப்பதிலிருந்தும், சமையற்காரர் விடுப்பின்றி நிற்பதிலிருந்தும், புதிய பண்டத்தை முயன்று பார்க்கும் துணிவு கடைக்காரருக்கு இல்லாமல் போவதிலிருந்தும் வருகிறது அது. இலாபம் நூலிழையில் தொங்கும் கடையில் விற்காத ஒரு குழம்புச் சட்டி ஒரு நாள் வாடகையைத் தின்றுவிடும். பாட் தாயை விட்டு அவர் எப்படி நகர்வார்?

வெளிநாட்டில் வாழும் தமிழர் இதைச் சட்டென்று புரிந்துகொள்ள வேண்டியவர்கள். இந்திய உணவகம் என்று போனால் பட்டர் சிக்கனும் நானும்தானா, எங்கள் மீன் குழம்பும் கூட்டும் எங்கே என்று நாம் ஆதங்கப்படுவது நியாயம் என்றால், தாய்லாந்து உணவகத்தில் பச்சைக் கறியைத் தாண்டி நாம் ஒன்றும் கேளாதிருப்பது எப்படி நியாயமாகும்? சைவர்களுக்கு ஒரு தனித் தடை உண்டு. மீன் சாறும் இறால் விழுதும் இல்லாத குழம்பு அபூர்வம், பின்பக்கத்துப் பண்டங்களில் அவை இன்னும் கூடுதல். எனவே கேட்டு என்ன பயன் என்பார்கள். பட்டியலில் இருக்கும் பச்சைக் கறியிலிருந்து மீன் சாற்றை எடுத்துவிடுங்கள் என்று கேட்டால் விழுதுக்குள் அரைத்துச் சேர்த்த இறால் போகாது, ருசியும் அரைகுறையாகும். ஆனால் தாய்லாந்துக்கே ஒரு மரக்கறி மரபு இருக்கிறது. ஜே என்று அதற்குப் பெயர். சீன வம்சாவளியினர் வழியே வந்தது. புக்கெட் தீவில் சீன நாட்காட்டியின் ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் விழாவாகவே நடக்கிறது. மஞ்சள் கொடி கட்டிய கடைகளில் மீன், இறைச்சி, முட்டை மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூடச் சேர்ப்பதில்லை. சோயா சாறும் காளானும் டோஃபுவும் வைத்துச் சமைக்கிறார்கள். ஜே சமையல் உண்டா என்று ஒரு முறை கேட்டுப் பார்க்கலாம். தாய்லாந்தில் வளர்ந்த சமையற்காரருக்கு அதை விளக்க வேண்டியிருக்காது. நாளைக்கு வாருங்கள் செய்து வைக்கிறேன் என்று அவர் சொன்னால், மறுநாள் போக வேண்டும், அவர் சொல்லும் விலையையும் கொடுக்க வேண்டும்.