பிரஜாபதிக்கு வந்த அவசரம்

மழை வலுத்தால் இடுக்கியில் ஷட்டரைத் திறக்கிறார்களோ இல்லையோ, என் கைப்பேசியில் திறந்துவிடுவார்கள். எல்லைக்காரன் என்பதால் இரண்டு பக்கத்து வெள்ளமும் எனக்குத்தான். மலையாளக் குழுவில், 1895-இல் கட்டிய முல்லைப்பெரியாறு அணை இன்றிரவே உடையப்போகிறது. கம்பத்து மச்சான் நடத்தும் குழுவில் அணைக்கு ஒரு கீறல்கூட இல்லை, எல்லாம் கேரளச் சதி. 2011 டிசம்பரில் குமுளி கலவரமானபோதும் இதே இரண்டு கதைகள்தான். அதற்குச் சற்று முன்புதான் ‘டேம் 999’ படத்துக்குத் தமிழ்நாட்டில் தடை விழுந்திருந்தது. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் கதைகளின் நீர்மட்டம் மட்டும் இறங்கவேயில்லை.

என் எரிச்சல் அதைப் பற்றி அல்ல. ஒரு குழுவில் ஒரு தம்பி ‘ஆர்வெல் அன்றே சொன்னார்’ என்று போட்டிருந்தான். அடுத்த குழுவில் ஒரு பெரியவரும் அதையே போட்டிருந்தார். படிக்காமல் ஆர்வெல்லை இழுப்பவர்களுக்கு அபராதம் போட வேண்டும் என்று இந்தப் பத்தியில் நான் புலம்புவது உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். அந்த ஆர்வெல்லே பிரசாரத்தில் வேலை பார்த்தவர். 1941 முதல் 1943 வரை பி.பி.சி.யில் இந்தியர்களுக்கென்று போர்ச்செய்தி விமர்சனம் எழுதினார். தமிழில் மொழிபெயர்த்து ஒலிபரப்பவும் எழுதிக் கொடுத்தார். எல்லாம் தணிக்கைக்குப் போய் வந்த பிரதிகள். அவருடைய ‘1984’ நாவல் 1949-இல் வந்தது. நம் தாத்தாக்களின் காதில் ஊதித்தான் அவர் தொழில் படித்தார் என்பது என் கட்சி.

அது கிடக்கட்டும். பாலக்காட்டு மண்ணில் இருந்துகொண்டு ஆர்வெல்லிடம் எதற்குப் போக வேண்டும்? ஆமாம், மறுபடியும் நம் மலையாள நாவலாசிரியர் ஓ.வி.விஜயன்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். ‘கசாக்கின் இதிகாச’த்தை யூமா வாசுகியின் தமிழில் படித்துவிட்டு தஸ்ராக்குக்கு வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள், சந்தோஷம். அவருடைய இன்னொரு நாவலான ‘தர்மபுராணம்’ என்று சொன்னால் மட்டும் மூக்கைப் பொத்துகிறார்கள்.

பொத்த வேண்டிய புத்தகம்தான். தர்மபுரி என்ற கற்பனை நாட்டை ஆளும் பிரஜாபதிக்குக் கொல்லைக்குப் போகும் அவசரம் வருவதில்தான் கதையே தொடங்குகிறது. அது அரசு நிகழ்ச்சி. அவர் கழித்ததைக் குடிமக்கள் பிரசாதமாகக் கொண்டாடுகிறார்கள். 1975 ஜூலையில் ‘மலையாளநாடு’ வார இதழில் இது தொடராக வரவேண்டியது. ஜூன் 25-ஆம் தேதி நெருக்கடி நிலை வந்தது. தொடர் நின்றது. 1977-இல்தான் அச்சேறியது, புத்தகமாக வர 1985 ஆனது. ஆபாசம் என்று திட்டினார்கள். அசிங்கத்தை அசிங்கம் என்று உணரும் மூக்கு இன்னும் மிச்சமிருக்கிறதா என்று விஜயன் சோதித்துப் பார்த்தார் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

‘1984’-இல் வரும் ஆர்வெல்லின் தலைவர் நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார். விஜயனின் தலைவரை நாம் பார்த்துக்கொண்டே இருப்போம். நம் ஊருக்கு எது பொருந்தும்? ஒளிந்திருந்து பார்க்கும் கண்ணுக்கு இங்கே யார் பயந்தார்கள்? இங்கே வேண்டியது தரிசனம். ‘இந்திராவே இந்தியா’ என்று காங்கிரஸ் தலைவர் டி.கே.பரூவா சொன்னபோது அவர் கழுத்தில் யாரும் கத்தி வைத்திருக்கவில்லை.

1977 மார்ச்சில் வடக்கே நெருக்கடி நிலைக்காரர்களை மக்கள் துடைத்தெறிந்தார்கள். கேரளத்திலோ இருபது மக்களவைத் தொகுதிகளும் ஆளும் கூட்டணிக்கே. ரயில் நேரத்துக்கு வருகிறது, ஆபீசில் ஆள் இருக்கிறார் என்று நம் திண்ணைகள் மகிழ்ந்திருந்தன. கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் கொண்டுபோய் அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. அப்பா ஈச்சர வாரியர் தொடுத்த ஆட்கொணர்வு வழக்கில் விஷயம் வெளியே வந்தது தேர்தலுக்குப் பிறகு. முதலமைச்சர் கருணாகரன் ஒரே மாதத்தில் பதவி விலகினார். தணிக்கையால் தெரியாமல் போயிற்று என்பது பாதி நியாயம். மீதிப் பாதி, தெரிந்துகொள்ளும் அவசரம் யாருக்கும் இல்லை.

இன்றைக்கும் அப்படித்தான். எங்கள் கொழிஞ்சாம்பாறை முக்கில் நின்று பாருங்கள். ஃப்ளெக்ஸில் தலைவர் முகம் மாட்டுவண்டிச் சக்கரம் அளவு. கீழே மாவட்டம், வட்டம், வார்டு என்று முகங்கள் சிறுத்துக்கொண்டே வந்து, கடைசி வரிசையில் கொட்டைப்பாக்கு அளவில் நமக்குத் தெரிந்த நாலு பையன்கள். மலையாளத்தில் ஒரு வாழ்த்து, தமிழில் ஒரு வாழ்த்து. எந்த அமைச்சகமும் உத்தரவு போட்டு வைத்ததில்லை. நாமே காசு பிரித்து, நாமே கம்பு நட்டது.

தர்மபுரியில் எந்தக் கட்சி ஆட்சி என்று கேட்டு எனக்குக் கடிதம் எழுதாதீர்கள். ஹங்கேரியில் இம்ரே நாகியைத் தூக்கிலிட்டபோது இடதுசாரி நம்பிக்கை ஆடிப்போனவர் விஜயன். தப்பிக்க அவர் யாருக்கும் சந்து வைக்கவில்லை. கட்சி எது என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால், போன ஃப்ளெக்ஸுக்கு நீங்கள் நன்கொடை கொடுத்த ரசீது வீட்டில் எங்காவது கிடக்கும். அதில் பெயர் இருக்கும்.