குற்றம் கிடாரிலா, எர்த்திலா?

சென்ற மாத விழாக் கமிட்டிக் கூட்டத்தில், வரும் பொங்கல் விழா மேடையில் எலெக்ட்ரிக் கிடாருக்கு இடமில்லை என்று முடிவாயிற்று. நானும் அங்கே உட்கார்ந்திருந்தவன்தான். அப்போது வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு இப்போது பேனாவைத் தூக்குவானேன் என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கூட்டம் கலைந்தபின் ஹாலின் சுவிட்ச் போர்டைத் திறந்து பார்த்த பிறகுதான் எனக்குச் சொல்ல விஷயம் கிடைத்தது.

பையனை எல்லோருக்கும் தெரியும். போன பொங்கலுக்கு, 1982-ல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக் கிடார் பாட்டைச் சாதாரண மரக் கிடாரில் வாசித்தவன். இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் நம் பெரியவர்கள்தாம். இந்த வருஷம் செகண்ட் ஹேண்டில் ஓர் எலெக்ட்ரிக் கிடாரும் சின்ன ஆம்ப்ளிஃபையரும் வாங்கிக்கொண்டு ஒத்திகைக்கு வந்தான். வாசித்துக்கொண்டே பாட மைக்கருகே வாயைக் கொண்டுபோனான்; உதட்டில் ஷாக் அடித்துத் துள்ளி விழுந்தான். அவ்வளவுதான். "ஆபத்தான வாத்தியம்" என்றார் ஒருவர். "நம் கலாசாரத்துக்கு ஒத்துவராது" என்றார் மற்றொருவர். "காது போய்விடும்" என்றார் மூன்றாமவர். பையன் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. "பரவாயில்லை அங்கிள், பழசையே வாசிச்சுடறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் பையில் போட்டு மூடினான். அதுதான் எனக்கு உறுத்திற்று.

ஷாக் எப்படி அடித்தது? எலெக்ட்ரிக் கிடாரின் கம்பிகள், ஒயரின் மேலுறை வழியாக ஆம்ப்ளிஃபையரின் உலோகச் சட்டத்தோடு இணைந்திருக்கும். அந்தச் சட்டம் எர்த் ஆகியிருக்க வேண்டும். நம் மேடையில் உள்ள மூன்று துளை சாக்கெட்டில் பெரிய துளைக்குப் பின்னால் ஒயரே இல்லை! எர்த் இல்லாவிட்டால் கசியும் மின்சாரம் சட்டத்தில் தங்கும், அங்கிருந்து கம்பிக்கு வரும். மைக் செட் வேறு இடத்திலிருந்து ஒழுங்காக எர்த் ஆகியிருந்தது. கை கம்பியில், உதடு மைக்கில். நடுவில் பையன். 1972-ல் இங்கிலாந்து நாட்டுக்குப் பக்கத்து வேல்ஸில், ஸ்வான்ஸீ நகர மேடையில் லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர் சரியாக எர்த் ஆகாத மைக்கைத் தொட்டு உயிரையே விட்டார். நம் பையன் தப்பித்தது அவன் பெற்றோர் செய்த புண்ணியம். நாளைக்கு அதே சாக்கெட்டில் மாதர் அணியினர் காபி பாய்லரைச் சொருகுவார்கள். அதையும் தடை செய்வோமா?

கலாசாரத்துக்கு வருகிறேன். வயலின் எந்த ஊரிலிருந்து வந்தது? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் அதை வெள்ளைக்காரரிடம் கற்றுக்கொண்டார். இன்று அது இல்லாமல் கச்சேரி ஏது? மாண்டலின் ஸ்ரீநிவாஸ் (1969-2014) கர்நாடக சங்கீதம் வாசித்தது எலெக்ட்ரிக் மாண்டலினில்தான். அதைக் கேட்டுக் கண்ணீர் விட்டவர்கள் நம் கமிட்டியிலேயே இருக்கிறார்கள். மேல்நாட்டிலும் இந்தச் சண்டை உண்டு. 1965-ல் நியூபோர்ட் விழாவில் பாப் டிலன் எலெக்ட்ரிக் கிடாரோடு மேடை ஏறியபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. அவருக்கே 2016-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வாத்தியம் பிறந்ததே சத்தம் போடுவதற்காக அல்ல, கேட்கப்படுவதற்காக. பித்தளை வாத்தியங்களும் டிரம்ஸும் முழங்கும் நடன இசைக் குழுவில் கிடார் காதில் விழாது. 1930-களின் தொடக்கத்தில் கம்பிக்கு அடியில் காந்தத்தையும், சில ஆயிரம் சுற்று மெல்லிய செப்புக் கம்பிச் சுருளையும் வைத்தார்கள். எஃகுக் கம்பி அதிரும்போது சுருளில் மின்சாரம் பிறக்கிறது. ஃபாரடே சொன்ன அதே விதிதான். நைலான் கம்பி போட்டால் ஊமை.

இதில் ஒரு தொல்லை, 50 சைக்கிள் மின்சாரத்தின் உறுமலும் சுருளில் ஏறிவிடும். 25,000 வோல்ட் மின்பாதை ஓரமாகப் போகும் டெலிபோன் கம்பியில் இதே தொல்லையோடு நான் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். 1950-களில் அமெரிக்காவில் செத் லவர் என்பவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக வைத்து, உறுமல் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும்படி செய்தார். பார்த்ததும் எனக்கு அந்த மனிதரோடு கை குலுக்க வேண்டும் போலிருந்தது.

காதைப் பற்றிச் சொன்னவர் கட்சியில் கொஞ்சம் நியாயம் உண்டு. கரகரவென்று கிழிக்கும் அந்த ஓசை எனக்கும் பிடிக்காது. ஆனால் வீட்டில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டால் இது மரக் கிடாரைவிட அமைதியானது. சுவர் மெலிந்த நம் ஃப்ளாட்டுகளில் பரீட்சை சமயத்தில் அது சின்ன உபகாரமா? மேடையில் ஆம்ப்ளிஃபையரின் குமிழை எங்கே நிறுத்துவது என்பதை ஒத்திகையிலேயே பேசி, அங்கே ஒரு பெயிண்ட் கோடு போட்டுவிடலாம். சுலபமான வாத்தியம் என்றும் நினைக்க வேண்டாம். கம்பி மெலிசு, விரல் வலி குறைவுதான். ஆனால் வாசிக்காத கம்பிகளையும் கையால் அமுக்கி அடக்க வேண்டும். இல்லாவிட்டால் சின்னத் தவறும் ஹால் பூராவும் கேட்கும்.

ஹால் கட்டிடத்துக்குப் பின்னால் புது எர்த் குழி, மேடை சாக்கெட்டுகளுக்கு எர்த் ஒயர், மெயினில் 30 மில்லி ஆம்பியரில் விழும் பாதுகாப்பு ஸ்விட்ச் ஆகிய மூன்றுக்கும் எஸ்டிமேட் எழுதிக் காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் முடிவை மறுபரிசீலனை செய்யும்படி தீர்மானமும் கூடவே இருக்கிறது; இம்முறை வாயை மூடமாட்டேன். குழி தோண்டப் பையன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். கரியும் உப்பும் என் பொறுப்பு.