பிரித்து வைத்தால் யாருக்கு லாபம்?

அந்நாளில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவு இலாகாவில்தான் கூலி அதிகம். அங்கே தாழ்த்தப்பட்ட தொழிலாளிக்கு இடமில்லை. காரணம் என்ன? நாடாவில் நூல் அறுந்தால், நுனியை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தாழ்த்தப்பட்டவன் வாய் வைத்த நாடாவில் தாங்கள் வாய் வைக்க மாட்டோம் என்றார்கள் ஜாதி இந்துத் தொழிலாளர்கள். ஒரே ஆலையில் ஒரே பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர்கள்தான் இப்படிச் சொன்னார்கள்!

1928-ல் பம்பாயில் மாபெரும் வேலை நிறுத்தம் நடந்தது. எல்லா இலாகாக்களிலும் தாழ்த்தப்பட்டோருக்கு வேலை வேண்டும் என்பதையும் கோரிக்கையாக வைக்கும்படி டாக்டர் அம்பேத்கார் வற்புறுத்தினார். கோரிக்கை சேர்க்கப்பட்டது. முதலாளிகள் என்ன சொன்னார்கள்? இது அநீதியென்றால் அதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று கையை விரித்தார்கள்!

தோழர்களே, இதைக் கவனியுங்கள். தடை போட்டவன் தொழிலாளி. பலனை அனுபவித்தவன் முதலாளி. ஒரு பகுதியினர் அரைக்கூலிக்கும் வரத் தயாராக வெளியே நின்றால், உள்ளே இருப்பவனை மிரட்டுவது எளிது. வேலை நிறுத்தத்தை உடைப்பதும் எளிது.

ஆலையில் ஜாதி செய்த வேலையை வயலில் ஆண், பெண் என்ற பேதம் செய்கிறது. பெண் செய்வது லேசான வேலையாம்! நாளெல்லாம் சேற்றில் குனிந்து நாற்று நடுவதா லேசான வேலை? சம ஊதியச் சட்டம் 1976-லேயே வந்தது. ஆயினும் எத்தனை ஊர்களில் வரப்பின்மேல் நின்று இரண்டு கூலி எண்ணுகிறார்கள்! பெண்ணைக் குறைந்த கூலிக்கு அமர்த்த முடிகிறவரை ஆணின் கூலி எப்படி உயரும்?

ஆகவே, பக்கத்தில் நிற்பவருக்கு நடக்கும் அநீதி நமது கோரிக்கைப் பட்டியலில் முதலில் வரட்டும். நம் கூலியைக் காக்க வேறு வழியில்லை என்கிறோம்.