தீவகத்தில் வியாபாரம் தழைக்க என்ன வழி?

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அருகே கடலில் கிடக்கும் தீவுகளைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வருகிறதென்றால், ஒன்று இந்திய மீனவர்கள் கைதாகியிருப்பார்கள், இல்லையேல் கச்சதீவு விவகாரம் கிளம்பியிருக்கும். அத்தீவுகளில் வாழும் மக்கள் எதை விற்று, எதை வாங்கிச் சீவிக்கிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. வியாபாரிகளாகிய நாமாவது கேட்க வேண்டாமா?

வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, மண்டைதீவு, காரைநகர் ஆகியவற்றுக்குத் தரைவழியாகப் போய்வரலாம். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நான்குக்கும் படகை விட்டால் வேறு வழியில்லை. நெடுந்தீவில் வசிப்போர் ஏறத்தாழ 4 ஆயிரம் பேர். ஆயினும் அங்கே தனியான பிரதேச செயலகம் உண்டு, தனியான பிரதேச சபையும் உண்டு. நிர்வாகத்துக்குக் குறைவில்லை. அதை நடத்துவதற்கான வருமானம்தான் இல்லை.

இத்தீவுகள் எப்போதும் இப்படி இருந்தவை அல்ல. ஊர்காவற்றுறை இயற்கையாக அமைந்த துறைமுகம். யானைகள் கப்பலேறிய இடம். நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகு மன்னனின் (1153-1186) கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட அம்மன்னன் அதனைத் தமிழில் பொறித்து வைத்தான். அதன் சாரம் இதுதான்: வெளிநாட்டு வியாபாரிகள் ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு வந்து தங்கலாம், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும். யானை, குதிரை ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரசனுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்குக் கப்பல் உடைந்தால் ஆளுக்குப் பாதி.

பாதிச் சரக்கை அரசன் எடுப்பான் என்பது எந்த வியாபாரிக்கும் கசப்பான செய்திதான். ஆனாலும் நட்டம் எவ்வளவு என்பது கப்பல் புறப்படுமுன்பே தெரிந்துவிடுகிறது. தெரிந்த நட்டத்தைக் கணக்கில் சேர்த்து விலை வைக்கலாம். தெரியாத நட்டத்துக்கு எவராலும் விலை வைக்க முடியாது. தீவகத்தின் இன்றைய பிரச்சினை முழுவதும் இந்த ஒரு விடயத்தில் அடங்கியிருக்கிறது என்பது எனது கருத்து.

நெடுந்தீவுக் கடைக்காரர் ஒருவர் ஒரு மூடை சீனி வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். புறக்கோட்டையிலிருந்து யாழ்ப்பாணம் வரையான லொறிக் கூலி எல்லோருக்கும் பொதுவானது. அதற்குமேல் குறிகட்டுவான் வரை ஒரு வாகனக் கூலி, அங்கே இறக்குகூலி, படகில் ஏற்றுகூலி, படகுக் கூலி, மறுகரையில் மீண்டும் இறக்குகூலி, கடை வரை லேன்ட்மாஸ்டர் கூலி. இவையாவது தெரிந்த செலவுகள். வாடையிலோ சோளகத்திலோ கடல் கொந்தளித்தால் படகு ஓடாது. படகு பழுதானால் எப்போது திருத்தி வரும் என்று சொல்ல ஆளில்லை. ஆகவே அவர் தேவைக்கு அதிகமாகச் சரக்கு வாங்கி அடுக்கி வைக்க வேண்டும். முதல் முடங்குகிறது, சரக்கு ஈரம் பிடிக்கிறது, விலை கூடுகிறது.

மீனும் நண்டும் பிடித்து அனுப்புபவரின் நிலை இதற்கு நேர்மாறு. படகு பிந்தினால் ஐஸ் கரையும், மீன் மெலியும், விலை விழும். வாங்கும்போது கூடிய விலை, விற்கும்போது குறைந்த விலை. ஒரே படகு இரண்டு பக்கமும் வெட்டுகிறது. இப்படியான ஊரில் இளைஞர்கள் தங்குவார்களா?

அரசாங்கங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவதற்கில்லை. குமுதினி படகு பல தசாப்தங்களாக நெடுந்தீவு மக்களைச் சுமந்தது. 1985 மே 15ஆம் திகதி அப்படகிலேயே 30க்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதை அம்மக்கள் மறக்கவில்லை. 2017இல் உலக வங்கியினதும் அவுஸ்திரேலிய அரசினதும் உதவியுடன் ‘நெடுந்தாரகை’ என்ற படகு கையளிக்கப்பட்டது. படகைக் கையளிப்பது ஒருநாள் வைபவம். எரிபொருளும் பழுதுபார்ப்பும் அதன் ஆயுள் முழுவதற்குமான செலவு. 4 ஆயிரம் பேரின் வரிப்பணத்தில் ஒரு பிரதேச சபை அதை எப்படிச் சுமக்கும்?

மின்சாரத்தின் கதையும் இதுவே. டீசல் இயந்திரங்களை நம்பியிருந்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்று, சூரிய சக்தித் திட்டம் ஒன்றை 2021 ஜனவரியில் சீனக் கம்பனிக்குக் கொடுத்தார்கள். இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு இறுதியில் அது நின்றது. பின்னர் இந்திய நன்கொடையில் செய்வதென முடிவாகி, 2024 மார்ச்சில் பெங்களூர்க் கம்பனி ஒன்றுடன் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இரண்டு பெரிய நாடுகளின் இழுபறியில் மூன்று வருடங்கள் போய்விட்டன. அந்த மூன்று வருடங்களும் ஐஸ் அறை போட நினைத்தவருக்கு யார் நட்டஈடு கொடுப்பது?

தீவகத்தார் வியாபாரம் தெரியாதவர்கள் அல்லர். கொழும்பிலும் தென்னிலங்கைப் பட்டினங்களிலும் புங்குடுதீவார் வைத்திருந்த கடைகளை மூத்த வியாபாரிகள் அறிவார்கள். 1958, 1977, 1983 கலவரங்களில் அவர்கள் பட்ட நட்டம் கொஞ்சமல்ல. 1990 ஒக்டோபரில் புலிகள் எம்மவர்களை வடக்கிலிருந்து வெளியேற்றியபோது நாமும் கடையையும் முதலையும் விட்டுவிட்டு வந்தவர்கள்தாம். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோவிலும் நாகவிகாரையும் இருப்பதுபோல் பள்ளிவாசலும் இருக்கிறது. ஆகவே தீவக விடயம் எமக்கு அந்நியமானதல்ல.

‘இத்தனை சிறிய சனத்தொகைக்கு இவ்வளவு செலவு தேவையா?’ என்று சிலர் கேட்கலாம். ஏ9 வீதி இலாபத்தில் ஓடுகிறதா என்று எவரும் கேட்பதில்லையே! தீவுக்குப் படகுதான் வீதி. வீதியைப் பராமரிப்பது பிரதேச சபைக் கடைவாடகையில் நடக்கிற காரியமல்ல. மத்திய அரசினதும் மாகாண சபையினதும் பொறுப்பு.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. முதலாவது, படகுகளின் பராமரிப்புக்கு ஆண்டுதோறும் தனி நிதி ஒதுக்கி, ஒரு படகு பழுதானால் மற்றொன்று ஓடும் ஏற்பாடு. இரண்டாவது, பயணிகளோடு மூடைகளை நெருக்காமல் சரக்குக்கென நாள் குறித்த படகும், இறங்குதுறையில் எழுதி ஒட்டிய கூலி விபரமும். மூன்றாவது, குறிகட்டுவானில் மீனும் நண்டும் கெடாமல் வைக்க ஒரு குளிரறை.

மூன்றாவதற்கு அரசாங்கத்தை மட்டும் பார்த்திருக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் மீண்டும் கடை திறந்திருக்கும் எம்மவர்களும் தீவகக் கடற்றொழிலாளர் சங்கங்களும் பங்கு சேர்ந்து செய்யக்கூடிய தொழில் அது. நாகவிகாரைக்கு வரும் தென்னிலங்கை யாத்திரிகர்கள் படகேறுவதும் அதே துறையில்தான். பனங்கட்டியும் கருவாடும் நல்ல பொதியில் கிடைத்தால் வாங்காமலா போவார்கள்?

இலவசமாக எதையும் தரும்படி தீவக வியாபாரிகள் கேட்கவில்லை. எந்த நாள் படகு வரும், என்ன கூலி என்று முன்கூட்டிச் சொல்லுங்கள் என்கிறார்கள். எண்ணூறு வருடங்களுக்கு முன் ஒரு மன்னன் கல்லில் எழுதிக் கொடுத்ததை இன்று ஓர் அறிவித்தல் பலகையில் எழுதிப் போடுவது அவ்வளவு கடினமான காரியமா? சம்பந்தப்பட்டவர்கள் சிந்திக்கட்டும்.