அளவைக் குறித்து அவசரப்பட வேண்டாம்



சித்தூர் மாவட்டம் விஜயபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு, பிழைப்பிற்காகச் சென்னையில் குடியேறியிருக்கும் சகோதரி ஒருவர் கண்ணீரோடு எழுதிய கடிதம் இம்மாதம் எமக்குக் கிடைத்தது. இரண்டு பிள்ளைகளுக்குப் பாலூட்டியபின் மார்பகம் தளர்ந்துபோனதால் மனம் வருந்திய அவர், கணவருடைய சம்மதத்தோடு சிலிக்கோன் பை பொருத்தும் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். மூன்று வாரங்களே ஆகின்றன. “நான் நினைத்ததைவிட மிகப் பெரிதாயிருக்கிறது, ஒரு பக்கம் மறு பக்கத்தைவிட உயர்ந்து நிற்கிறது. ஊருக்குப் போக வெட்கமாயிருக்கிறது. சபையில் கரங்களை உயர்த்தவும் முடியவில்லை. இது எனக்குக் கிடைத்த தண்டனையோ? உடனே எடுத்துவிடலாமா?” என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரியே, மூன்றாம் வாரத்தில் நீங்கள் கண்ணாடியில் காண்பது முடிவான அளவு அன்று. அறுவைக்குப் பின் திசுக்களில் நீர் கோத்து வீக்கம் உண்டாகிறது. அதில் பெரும்பகுதி நான்கு முதல் ஆறு வாரங்களில் வடியும். பை மார்புத் தசைக்குக் கீழே வைக்கப்பட்டிருந்தால், இறுகிய தசை அதை மேலே தள்ளி நிறுத்தும். தசை தளரத் தளரப் பை மெல்லக் கீழிறங்கி, இயல்பான வடிவம் வரும். இதற்கு மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகலாம். இரு பக்கங்களும் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை. சிலருக்கோ வீக்கம் வடிந்தபின், “சிறிதாகிவிட்டதே” என்ற கவலை வருகிறது. பை சுருங்குவதில்லை; வீக்கமே குறைகிறது.

பையின் கொள்ளளவை சி.சி. கணக்கில் குறிப்பார்கள். ஒரே 300 சி.சி. பை, மார்பின் அகலத்திற்கும் தோலின் தன்மைக்கும் ஏற்ப ஒருவருக்குப் பெரிதாகவும் மற்றவருக்குச் சிறிதாகவும் தோன்றும். ஆகவே பிறரோடு ஒப்பிட வேண்டாம். அளவை மாற்றுவதைப் பற்றி, உடல் ஆறியபின் மருத்துவரோடு பேசுங்கள்.

அதுவரை தண்ணீர்க் குடம் தூக்காதீர்கள். பிள்ளையை இடுப்பில் ஏற்றாதீர்கள். மருத்துவர் அனுமதிக்கும்வரை கரங்களைத் தோளுக்கு மேல் உயர்த்தவும் வேண்டாம். கைகளை மடியில் வைத்து ஆராதிப்பதால் ஆராதனை குறைந்துபோவதில்லை.

ஆனால் ஒரு பக்கம் திடீரென வீங்கினாலும், வலி நாளுக்கு நாள் அதிகரித்தாலும், சிவந்து சுட்டாலும், காய்ச்சலோ சீழோ கண்டாலும், மூச்சுத் திணறினாலும், கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெட்கத்தினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

தண்டனையோ என்ற பயத்தையும் விட்டுவிடுங்கள். 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழக அரசு, சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் மார்பக அளவைக் குறைக்கவும் கூட்டவும் ஏழைப் பெண்களுக்கு இலவச சிகிச்சை அறிவித்தது. இச்சிகிச்சை கிடைக்காவிட்டால் ஏழைகள் கடன் வாங்குவார்கள் அல்லது ஆபத்தான வழிகளை நாடுவார்கள் என்று அமைச்சர் விளக்கினார். பணத்தை இப்படிச் செலவிடலாமா என்று கேட்டவர்களும் உண்டு. ஆயினும் உடலைக் குறித்த மனவேதனை செல்வந்தருக்கு மட்டும் உரியதன்று என்பது அன்று வெளிப்பட்டது.

இந்தச் சிகிச்சையைப் பற்றி எண்ணிக்கொண்டிருக்கும் மற்றச் சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. சிலிக்கோன் பை முதன்முதலில் 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு பெண்ணுக்குப் பொருத்தப்பட்டது. அது ஆயுள் முழுதும் நிலைக்கும் பொருள் அன்று. இவ்வெச்சரிக்கையைப் பெண்களுக்கு முன்னதாகவே தெரிவிக்கவேண்டுமென்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2021-இல் கட்டளையிட்டது. சொரசொரப்பான மேற்பரப்புடைய ஒரு வகைப் பை, அரிதான ஒரு புற்றுநோயோடு தொடர்புடையதென்று அறியப்பட்டு, 2019-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. எனவே பையின் பெயர், வகை, சி.சி. அளவு ஆகியவை எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். பிற்காலத்தில் மார்பகப் பரிசோதனைக்குச் செல்லும்போது, பை இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள்.

விஜயபுரத்துச் சகோதரியே, இந்தக் கவலையைத் தனியே சுமக்காதீர்கள். உங்கள் கணவரிடம் மனந்திறந்து பேசுங்கள். கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதி, அடுத்த பரிசோதனைக்கு அவரையும் அழைத்துச் செல்லுங்கள். ஆறு மாதம் பொறுத்திருந்து அளவைப் பாருங்கள். ஊருக்குப் போக அத்தனை நாள் காத்திருக்க வேண்டாம். மருத்துவர் பயணத்திற்கு அனுமதித்தவுடன் போய் வாருங்கள். பெற்ற தாயின் கண்கள் முதலில் தேடுவது உங்கள் முகத்தையே.

கர்த்தர் உங்களுக்குப் பூரண சுகத்தையும் சமாதானத்தையும் அருளுவாராக.