படப்பிடிப்புக்கு முன்னே

நாம் ஆய்வுக்குச் செல்லும் சங்கங்களில் இப்பொழுது புதியதொரு கேள்வி எழுகிறது. "கம்பெனிகள் எல்லாம் விளம்பரப் படம் எடுத்து ஊருக்குக் காட்டுகின்றன, நம் சங்கமும் ஒன்று எடுத்தால் என்ன?" என்பதே அது. இத்தகைய காரியங்களில் ஆய்வாளரின் அபிப்பிராயத்தைப் பணம் செலவான பிறகு கேட்பதே வழக்கம். அதுவும் ரசீது சரியாக இல்லாத போது! இம்முறை ஒரு நெசவாளர் சங்கத்தின் நிர்வாகக் குழுவினர் முன்கூட்டியே நம்மைக் கேட்டனர். ஆதலால் மகிழ்ச்சியுடன் இதனை எழுதுகிறோம்.

படமே வேண்டாம் என்பாருடன் நாம் சேரவில்லை. முந்தானையை விரித்து, பட்டைக் கையால் தடவிப் பார்த்து வாங்கும் வழக்கம் முற்றும் போய்விடவில்லை என்பது உண்மை. ஆயினும், கடைப்படி ஏறுமுன்பே கைப்பேசியில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இன்று பலர். கோயமுத்தூரில் இருப்பவருக்கும் சிங்கப்பூரில் இருப்பவருக்கும் நம் தறியைக் காட்ட இதைவிட எளிய வழி வேறில்லை. நம் கவலையெல்லாம் அதற்குத் திட்டமிடும் முறையைப் பற்றியதே.

படம் எடுக்க முன்வந்தவர், தாம் ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்கு இதே வேலையைச் செய்யவிருப்பதாகவும், அங்கு நடக்கும் ஆலோசனையை வந்து பார்த்தால் எல்லாம் விளங்கும் என்றும் சொன்னார். சங்கத்தின் மேலாளரை அழைத்துக்கொண்டு நாமும் சென்றோம்.

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் சந்திக்கும் இடம் ஒரகடம். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி அது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. 2010இல் ரெனோ-நிஸ்ஸான் ஆலையும், 2012இல் டைம்லரின் லாரி ஆலையும், 2013இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் ஒரகடத்தில் உற்பத்தியைத் தொடங்கின. பெரிய ஆலை ஒன்று வந்தால் அதைச் சுற்றிச் சிறு கம்பெனிகள் முளைக்கும். பேரிங்கு, போல்ட்டு, பெல்ட்டு, வெல்டிங் கம்பி, எண்ணெய், கையுறை ஆகிய இவற்றையெல்லாம் வாங்கி வைத்து, ஆலை கேட்ட நேரத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது அவற்றின் தொழில். நாம் சென்றது அத்தகைய ஒரு கம்பெனிக்கு. பெயர் இங்கே வேண்டுவதில்லை.

போல்ட்டு விற்கிறவருக்கு விளம்பரப் படம் எதற்கு என்று நேயர்கள் கேட்கக்கூடும். நாமும் கேட்டோம். மானேஜர் சொன்ன விடை நம் சங்கங்களுக்கும் பொருந்தும். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006இல் தொடங்கியது. 2014 ஏப்ரலில் அக்கம்பெனி தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்றபோது, வரி வழக்கின் காரணமாக இவ்வாலை அவ்விற்பனையில் சேரவில்லை. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் தேதியோடு உற்பத்தி நின்றுபோயிற்று. மறைமலை நகரில் ஃபோர்டு ஆலையின் கார் உற்பத்தி 2022இல் நின்றது. ஒரே ஆலையை நம்பிப் பொருள் வழங்கி வந்தவர்களின் கதி என்னவாகியிருக்கும்? "ஒரு வாசலை நம்பி இருந்தால் அந்த வாசல் அடைபடும் நாளில் நமக்கும் அடுப்பு எரியாது, இரண்டாவது, மூன்றாவது வாசல் தேடத்தான் இந்தப் படம்" என்றார் அவர். கோ-ஆப்டெக்ஸ் 1935ஆம் ஆண்டு முதல் நம் நெசவாளர்க்குச் செய்திருக்கும் உதவி சிறிதன்று. எனினும், உற்பத்தி முழுவதையும் அதன் கொள்முதலையே நம்பி வைத்திருக்கும் சங்கங்கள் இவ்வார்த்தையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆலோசனைக்கு ஒரு முழுக் காலைப் பொழுது சென்றது. முதல் ஒரு மணி நேரம் காமிராவைப் பற்றிப் பேச்சே எழவில்லை. இப்படத்தைப் பார்க்கப் போகிறவர் யார்? ஆலையின் கொள்முதல் அதிகாரி. அவர் அஞ்சுவது எதற்கு? பொருள் நேரத்துக்கு வராமல் ஆலை ஓட்டம் நின்றுவிடுவதற்கு. அப்படியானால் கட்டடத்தின் முகப்பையும் முதலாளியின் அறையையும் காட்டிப் பயனில்லை. கிடங்கின் அடுக்குகளையும், விடியற்காலையில் புறப்படும் வண்டியையும் காட்ட வேண்டும். இவ்வாறு ஒவ்வொன்றாகத் தீர்மானமாயிற்று. வாடிக்கை ஆலைக்குள் சென்று படம் எடுப்பது நடவாது; வாசலிலேயே கைப்பேசியின் காமிராக் கண்ணில் வில்லை ஒட்டி உள்ளே அனுப்பும் இடங்கள் அவை. கிடங்கில் உள்ள பெட்டிகளில் பிற கம்பெனிகளின் பெயர் தெரியலாமா, அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்றும் பார்த்தனர். மேலே பறந்து படம் எடுக்கும் ட்ரோன் வேண்டும் என்று படக்காரர் ஆசைப்பட்டார். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி அந்த இடம் எந்த வண்ண மண்டலத்தில் வருகிறது என்று பார்த்த பிறகே பேசலாம் என்று மானேஜர் அதை ஒத்தி வைத்தார்.

அன்றைக்கு நாம் கண்டவற்றுள் சிறந்தது மற்றொன்று. படத்தில் பேச வேண்டிய வாசகத்தில், 'எப்பொருளும் 24 மணி நேரத்தில் உங்கள் வாசலில்' என்று எழுதியிருந்தது. மானேஜர் கிடங்குப் பொறுப்பாளரை அழைத்து மூன்று மாதப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். இருவரும் பக்கம் பக்கமாகப் பார்த்தனர். கையிருப்பில் இருந்த பொருள்கள் மறுநாள் சேர்ந்திருந்தன. வெளியூரிலிருந்து வரவழைத்தவை அப்படிச் சேரவில்லை. உடனே அந்த வரியை அடித்துவிட்டு, 'கையிருப்பில் உள்ள பொருள் மறுநாள்' என்று எழுதினார்கள். படக்காரருக்கு அது ருசிக்கவில்லை. "இதில் வேகமே இல்லையே!" என்றார். "பதிவேட்டில் இல்லாத வேகம் படத்திலும் வேண்டாம்" என்றார் மானேஜர். ஆண்டுதோறும் சங்கங்களின் இருப்புப் பட்டியலைக் கிடங்கோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் நமக்கு அவ்விடத்தில் எழுந்து கை கொடுக்கத் தோன்றியது.

நிற்க. அதே மேசையில், அதே காலையில், ஒரு பிழையும் நடந்தது. கிடங்குப் பொறுப்பாளராக நடிக்கச் சென்னையிலிருந்து ஒரு நடிகரை அமர்த்துவதென்று தீர்மானித்தார்கள். முகம் எடுப்பாக இருக்க வேண்டுமாம். உண்மைப் பொறுப்பாளர் வாலாஜாபாத் பக்கத்து நெசவாளரின் மகன். தந்தையின் தறி ஓய்ந்தபின் இவ்வேலைக்கு வந்தவர். எந்த அடுக்கில் எந்த அளவுப் பேரிங்கு இருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர். படப்பிடிப்பு நாளன்றும் நாம் சென்றிருந்தோம். நடிகர் வெர்னியர் காலிப்பரைத் தலைகீழாகப் பிடித்தார். இவர் ஓரமாக நின்று, திருப்பிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பெட்டி ஏற்றி இறக்கும் ஒப்பந்தத் தொழிலாளரைப் படம் முடியும் வரை பின்பக்கம் இருக்கச் சொல்லிவிட்டார்கள். கொள்முதல் அதிகாரி நாளைக்கு நேரில் வருவாரானால், படத்தில் கண்டவரைத் தேடமாட்டாரா? ஒரு வரியைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், ஒரு முகத்தை ஏன் ஒப்பிடாமல் விட்டார்கள் என்பது இன்னும் நமக்கு விளங்கவில்லை.

இனி நம் சங்கத்தின் விஷயத்துக்கு வருவோம். படக்காரர் கொடுத்த திட்டத்தில், பட்டுடுத்திய ஓர் இளநங்கை தறியில் அமர்ந்து புன்னகையோடு நாடாவை ஓட்டுவதாக இருக்கிறது. தறிக்குழியில் கால் வைத்தறியாத பெண் அவர். அதுவும் கோர்வைப் புடவையாம்! உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இணையும் கோர்வைக்கு மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவர் ஒருவர், கரை நாடாவுக்குத் துணையாக மற்றொருவர் என்று இருவர் உழைப்பது அது. அந்த இரண்டாமவர் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்ணே. தார் சுற்றுபவர், விடியலில் தெருவில் பாவு நீட்டுபவர் ஆகியோரும் திட்டத்தில் இல்லை. விலை ஏன் இவ்வளவு என்று கேட்பவருக்கு விடை இத்தனை கைகளில்தான் இருக்கிறது. அவற்றை மறைத்துவிட்டுப் புன்னகையைக் காட்டினால், விசைத்தறிப் புடவைக்கும் நம் புடவைக்கும் என்ன வேறுபாடு என்று அவர் எப்படி அறிவார்?

பட்டு வாங்குகிறவர் அஞ்சுவது இரண்டு. கைத்தறி என்று சொல்லி விசைத்தறியைக் கொடுத்துவிடுவார்களோ என்பது ஒன்று. ஜரிகை மெய்யானதோ என்பது மற்றொன்று. 1985ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் உண்டு. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. பட்டிழையின்மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றி, அதற்குப் பொன்முலாம் பூசுவது மெய் ஜரிகை. அதனைச் சோதித்துப் பார்க்கும் காட்சி நடிகையின் முகத்தைவிட அதிகம் பேசும். அன்றியும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 'முழுதும் கைத்தறி' என்று படத்தில் சொல்லிவிட்டு, விற்பனை நிலையத்தின் ஒரு மூலையில் வேறு சரக்கை வைத்திருக்கும் சங்கம் ஏதேனும் இருக்குமானால், அது முதலில் அந்த மூலையைக் காலி செய்யட்டும்.

கூலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இதைப் பற்றி எந்தக் குழுவும் நம்மிடம் பேசவில்லை என்பதே நமக்கு வருத்தம். கம்பெனியில் படப்பிடிப்புக்காக அரை நாள் வேலை நின்றாலும் மாதச் சம்பளக்காரருக்குச் சம்பளம் நிற்பதில்லை. நம் நெசவாளர் புடவைக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறவர். விளக்கு மாட்டவும், காமிராவைக் குழியருகே இறக்கவும், ஒரே இழையைப் பத்து முறை ஓட்டிக் காட்டவும் ஒரு நாள் போய்விட்டால், அந்த நாள் அவருக்குச் சோறில்லாத நாள். சங்கத்தின் பெருமைக்காகத்தானே என்று சொல்லி இதை விட்டுவிடுவது நியாயமாகாது. படக்காரருக்குக் கூலி, விளக்குக்காரருக்குக் கூலி, நடிகைக்குக் கூலி. தறிக்கு உடையவருக்கு மட்டும் ஒரு காப்பியா?

குஜராத்தின் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் படம் எடுத்த கதையை நம் உறுப்பினர் சிலர் கேட்டிருக்கலாம். 1976இல் வெளிவந்த 'மந்தன்' என்னும் படத்துக்கு 5 லட்சம் உற்பத்தியாளர்கள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தனர். ஷியாம் பெனகல் அதை இயக்கினார். ராஜ்கோட்டை அடுத்த சங்கன்வா என்ற சிற்றூரில் படப்பிடிப்பு நடந்தது. படம் வந்தபோது, கிராமத்தார் வண்டி வண்டியாகச் சென்று அதைப் பார்த்தனர். அவர்கள் பணத்தில் எடுத்த படம். அதில் அவர்கள் கதை இருந்தது. அதிலும் நடிகர்கள் உண்டு, மறுக்கவில்லை; அது கதைப் படம். நாம் எடுக்கப்போவதோ, 'இதுதான் எங்கள் தறி' என்று சான்று சொல்லும் படம். செப்பனிட்ட அப்பழம் படத்தை 2024இல் கான் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள் என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

நம் படம் அத்தனை காலம் வாழாவிட்டாலும், அது யாருக்குச் சொந்தம் என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, பணம் கொடுத்து எடுக்கச் செய்தவரே படத்தின் முதல் உரிமையாளர். ஆனால் ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அதன்படிதான். சங்கத்துக்கு வந்த ஒப்பந்த நகலின் இறுதிப் பக்கத்தில், சிறிய எழுத்தில், உரிமை முழுவதும் படக்காரருக்கே என்று இருந்ததை மேலாளர் கவனிக்கவில்லை. சினிமாப் பாட்டை அனுமதியின்றிப் பின்னால் ஒலிக்க விடுவதும் வம்பையே தரும். தறியின் ஒலியே போதுமே!

விளைவிப்போர் சங்கங்களுக்கு ஒரு வார்த்தை. நெசவை நாளைக்கும் எடுக்கலாம். அறுவடை அப்படிக் காத்திராது. படக்காரருக்கு ஓய்வான நாளைப் பார்த்துத் தேதி குறிக்காமல், பயிரின் நாளைப் பார்த்துக் குறியுங்கள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் வயலில் இறங்கி எடுக்கலாம் என்று சொல்பவரைக் கொஞ்சம் சந்தேகிக்கலாம். குழித்தறி வீடுகளுக்கும் இது பொருந்தும். ஈரம் ஏறிய பாவு காமிராவுக்காக இணங்காது.

இச்சங்கத்தின் பொதுப்பேரவை அடுத்த மாதம் கூடுகிறது. படத்தின் செலவு மதிப்பீட்டை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். நடிகைக்கு உரிய தொகை மூன்றாவது வரியில் இருக்கிறது. தறி நிறுத்தும் நாளுக்கான கூலி எந்த வரியிலும் இல்லை. அதைச் சேர்க்கும்படி நாம் குழுவுக்கு எழுதியிருக்கிறோம். இவ்விதழ் அச்சுக்குப் போகும் வரை பதில் வரவில்லை. உறுப்பினர்கள் கூட்டத்துக்கு வருமுன் அந்தத் தாளை ஒரு முறை நின்று படித்துவிட்டு வர வேண்டுகிறோம்.